குளிர்காய்ச்சலும் செங்குரங்கும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டியதும் நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி. அன்று பகல் முழுவதும் கல்முனை, சாய்ந்தமருது பக்கமெல்லாம் புழுக்கத்தில் உட்கார்ந்து குரங்கை ஏசாதவர்கள் குறைவு. அடுத்த மாதம் 15ஆம் திகதி அரசாங்கமே குரங்கு எண்ணப் புறப்பட்டது. காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம், அவரவர் வளவில் நின்ற குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு கூத்து. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர அறிவித்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றது சீனத் தூதரகம். மிருகக்காட்சிசாலைக்கு எதற்கு ஒரு இலட்சம், இது ஆய்வுகூடங்களுக்கான வியாபாரம் என்று சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அப்படி ஒரு ஏற்றுமதி நடக்காது என்று அரச தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதோடு விஷயம் அடங்கியது.

கரையோரத்து நெருக்கமான ஊர்களில் குரங்குத் தொல்லை குறைவு. பொத்துவில், இறக்காமம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். குரும்பட்டியையே பிடுங்கிக் கடித்து எறிந்துவிட்டுப் போகிறது, சோளத்தில் ஒரு பொத்தியும் மிஞ்சுவதில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. அதைக் குறைத்துப் பேச இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் தென்னந்தோட்டத்துச் சண்டையில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. நம்மை வருத்திய நோய்களைப் பற்றி மருத்துவம் தெரிந்துகொண்டதில் ஒரு நல்ல பங்கு குரங்கின் இரத்தத்திலிருந்து கிடைத்தது. அதிலும் ஒரு பகுதி, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத நமது செங்குரங்கிடமிருந்து.

இந்தப் பகுதியில் அறுபது வயது தாண்டியவர்களுக்குக் குளிர்காய்ச்சல் என்றால் மலேரியாதான். வீடு வீடாக டீடீடீ அடிக்க வந்தவர்கள், சுவரில் படிந்த வெள்ளை, விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் பூசிய இரத்தம், வாயைக் கசக்க வைத்த குளிசை. 1934-35இல் இலங்கையில் மலேரியா கொன்றவர்கள் சுமார் 80,000 பேர். டீடீடீ வந்த பிறகு 1963இல் நாடு முழுவதிலும் பதிவானது வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கையை விட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. கடைசி உள்நாட்டு நோயாளர் பதிவானது 2012இல். 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

இங்கே அதிகம் வாட்டியது வைவாக்ஸ் என்ற வகை. அது ஆளை உடனே கொல்வது அரிது, ஆனால் விடாது. குளிசை குடித்துக் காய்ச்சல் விட்டு, மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து, நுளம்பே கடிக்காமல் மறுபடி நடுக்கம் வரும். வட்டையில் உழுது அழித்த கோரை கிழங்கிலிருந்து மறுபடி தலைகாட்டுகிற மாதிரி. இரத்தத்தில் ஒன்றுமில்லாத அந்த மாதங்களில் கிருமி எங்கே கிடந்தது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வழி முழுவதும் குரங்கு வழி. மலேரியாக் கிருமியை லாவெரான் இரத்தத்தில் கண்டது 1880இல். நுளம்பில் ரொஸ் கண்டது 1897இல், செக்கந்தராபாத்தில். நுளம்பு கடித்த பிறகு இரத்தத்தில் தோன்றும் வரைக்கும் உள்ள ஒரு வாரம் அது எங்கே போகிறது என்பது அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1948இல் லண்டனில் ஷோர்ட், கார்ன்ஹம் என்ற இருவர், வைவாக்ஸுக்கு நெருங்கிய உறவான சைனோமோல்கி என்ற குரங்கு மலேரியாவைச் சுமந்த நூற்றுக்கணக்கான நுளம்புகளை ஒரு ரீசஸ் குரங்கின் மீது ஏவினார்கள். ஏழாம் நாள் அதன் ஈரலைச் சீவிப் பார்த்தார்கள். கிருமி அங்கே இருந்தது. மனிதரிலும் அப்படியே என்பது அடுத்துத் தெளிவானது. இன்னொரு முப்பது வருடம் கழித்து, 1980 வாக்கில், அமெரிக்கரான குரோட்டோஸ்கி அதே சைனோமோல்கியில், அதே குரங்கு ஈரலில், வளராமல் ஒற்றைக் கலமாக உறங்கிக் கிடக்கும் உருவைக் கண்டார். மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் காய்ச்சலின் கிழங்கு அதுதான். வைவாக்ஸுக்குப் பதினான்கு நாள் பிரைமகுயின் குளிசை கொடுத்ததன் நோக்கமே அந்த உறங்கு உருவைக் கொல்வது.

இந்தக் கதையில் இலங்கைக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. நம் மருத்துவ மாணவர்களே பலர் கேள்விப்படாத பக்கம். 1965இல் பேராசிரியர் ஏ.எஸ். திசாநாயக்க, லண்டனைச் சேர்ந்த நெல்சன், மேலே சொன்ன அதே கார்ன்ஹம் ஆகிய மூவரும் இலங்கைக் குரங்குகளின் இரத்தத்திலிருந்து புதிய மலேரியாக் கிருமிகளை விவரித்தார்கள். ஒன்று சைனோமோல்கியின் இலங்கைக் கிளை. வைவாக்ஸ் போல நடப்பது. இன்னொன்று சிமியோவேல், மனிதரின் ஓவேல் மலேரியாவைப் போன்றது. மூன்றாவது ஃபிரஜைல், ஆளைக் கொல்லும் பல்சிபாரத்தைப் போல நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வது. மனிதரை வருத்தும் மூன்று வகைக்கு ஒப்பான மூன்றும் இந்தச் சின்னத் தீவின் ஒரே குரங்கில். அவற்றைப் பரப்புவது காட்டு நுளம்பு. நம் வீட்டுப் பக்கம் மலேரியா பரப்பிய இனம் வேறு. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் குரங்கைக் கண்டு கிலி கொள்ள வேண்டியதில்லை.

அந்த இலங்கைச் சைனோமோல்கியையும் அதன் சொந்தக் குரங்கையும் வைத்து 1980களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கமினி மென்டிஸ் குழுவினர் செய்த வேலை உலகத் தரமானது. காய்ச்சல் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் குரங்கின் உடலில் சுரக்கும் சில புரதங்கள், நுளம்புக்குப் போகத் தயாராக நிற்கும் கிருமிகளைச் செயலிழக்கச் செய்கின்றன என்று காட்டினார்கள். காய்ச்சல் என்பது வெறும் அவதி அல்ல, உடல் நடத்தும் சண்டை. இது மனிதரிலும் வைவாக்ஸ் ஆய்வுகளுக்கு வழிவிட்டது.

வைவாக்ஸை ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்க முடிவதில்லை. அதனால் அதன் குரங்கு உறவினருக்கு இன்றும் மவுசு. வைவாக்ஸின் மரபணுத் தொகுதி 2008இல் வெளியானது. சைனோமோல்கியினது 2012இல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது மரபணு சோடி சோடியாகப் பொருந்துகிறது. உறங்கு உருவை எழுப்புவது எது என்ற தேடல் இந்தச் சோடிகளுக்குள்தான் நடக்கிறது. பதினான்கு நாளுக்குப் பதிலாக ஒரே தடவை விழுங்கும் டஃபெனோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு முன் சைனோமோல்கி தொற்றிய குரங்குகளில் சோதிக்கப்பட்டதுதான்.

கிருமியின் மரபணு ஒரு பக்கம். குரங்கின் சொந்த மரபணு இன்னொரு பக்கம். இன்று அதுதான் வேகமாக வளர்கிறது. மனிதன் குரங்கிலிருந்து வந்தானா என்ற வாதம் தேநீர்க் கடையில் ஒருநாளும் முடியாது, இங்கே அது தேவையுமில்லை. இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்தால் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது எண்ணிச் சொல்லக்கூடியது. சிம்பன்சியின் தொகுதி 2005இலும் ரீசஸ் குரங்கினது 2007இலும் வெளியாயின. ரீசஸுக்கும் நமக்கும் ஒப்பு ஏறத்தாழ 93 வீதம். நமது செங்குரங்கு ரீசஸின் கிட்டிய உறவு. தமிழ்நாட்டுக் கோயில்களில் தேங்காய் பறிக்கும் குல்லாய்க் குரங்குக்கு இன்னும் கிட்டிய உறவு.

இதனால் ஒரு நோயாளிக்கு என்ன பயன்? நம் ஊரில் நடக்கக்கூடியதையே எடுத்துக்கொள்வோம். மச்சான் மச்சி முறையில் முடித்த ஒரு தம்பதியின் பிள்ளைக்கு வளர்ச்சி தடைப்படுகிறது, வலிப்பு வருகிறது. நெருங்கிய உறவில் முடிக்கும்போது, தாய் தந்தை இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் சேரும் வாய்ப்புக் கூடும். வாப்பா கடன்பட்டு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். முடிவு வருகிறது: ஒரு மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அதன் முக்கியத்துவம் தெரியாது. உலகத் தரவுக் கிடங்குகளில் கிடப்பது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரின் மரபணு. நம்மவர்களுடையது மிகக் குறைவு. இந்த மாற்றம் நம்மிடம் சாதாரணமா, நோயா என்று ஒப்பிட ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் குரங்கைக் கேட்டார்கள். 2023 ஜூனில் 233 குரங்கினங்களைச் சேர்ந்த 809 விலங்குகளின் மரபணுத் தொகுதிகள் ஒன்றாக வெளியாயின. சிம்பன்சி, கொரில்லா, மக்காக், லெமூர் எல்லாம் அதில் உண்டு. ஹைதராபாத் கல மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் கோவிந்தசாமி உமாபதியும் அந்தக் குழுவில் இருந்தார். இந்தியக் குரங்குகள் அவர் வழியாகச் சேர்ந்தன. தர்க்கம் எளிது. ஒரு புரதத்தின் எழுத்தை மாற்றும் ஒரு விகாரம் ஏதோவொரு குரங்கினத்தில் பரவலாக இருந்து, அந்தக் குரங்குகள் சுகமாக வாழ்ந்து குட்டி போடுகின்றன என்றால், அது மனிதரிலும் கெடுதல் செய்யாதது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்படி 43 இலட்சம் மாற்றங்கள் சேர்ந்தன. ஏற்கனவே தீர்ப்புத் தெரிந்தவற்றோடு ஒப்பிட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வந்தது. அதை வைத்துப் பழக்கிய கணினி நிரல் மீதி மாற்றங்களில் எது ஆபத்து என்று ஊகிக்கிறது. குரங்குக்கு ஐரோப்பிய வம்சம், ஆசிய வம்சம் என்ற சாய்வு இல்லை என்பதுதான் நமக்கு இலாபம். மரபணுத் தரவில் ஏழைகளான ஊர்களுக்கு இது பெரிய உதவி.

மீதி ஒரு வீதத்தை மறக்கக் கூடாது. ரீசஸ் தொகுதியைப் படித்தபோதே ஒரு விசித்திரம் தெரிந்தது: மனிதப் பிள்ளைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா முதலான கடும் நோய்களைத் தரும் சில எழுத்துகள் குரங்கில் இயல்பான எழுத்தாகவே இருந்தன. அதன் உடலில் வேறொரு மாற்றம் அதைச் சரிக்கட்டுகிறது போலும். ஆகவே குரங்கு சொன்னதோடு வைத்தியர் கோப்பை மூட முடியாது.

நம் நாட்டிலேயே, பொலன்னறுவையில், ஆய்வாளர் வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இலிருந்து செங்குரங்குக் கூட்டங்களைத் தாய்வழி தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வருகிறார். அங்கே எடுத்த இரத்தத்தில் 1986-87இல் குரங்குகளிடையே ஒரு டெங்கு அலை ஓடியிருந்தது தெரியவந்தது. மழை விட்டதும் டெங்கு வாட்டுகிற கல்முனைக்கு இது தூரத்துச் சேதி அல்ல. எந்தக் குட்டி எந்தத் தாயினது என்று அரை நூற்றாண்டுக்குத் தெரிந்த காட்டுக் குரங்குக் குடும்பங்கள் உலகில் அபூர்வம். மரபணுக்காரருக்கு அது பொக்கிஷம்.

அந்தப் பொக்கிஷத்தை நாடு எப்படிப் பார்க்கிறது? கூண்டில் அடைத்து விற்கும் சரக்காக, அல்லது ஐந்து நிமிடத்தில் எண்ணி முடிக்கும் தொல்லையாக. 1950களில் இந்தியா ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் ரீசஸ் குரங்குகளை ஆய்வுகூடங்களுக்கு ஏற்றியது. போலியோத் தடுப்பூசிக்கு அவை உதவின, உண்மை. வெளிநாடுகளில் அவை பட்ட பாடு கண்டு 1978இல் ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் அந்தப் பழைய கடைக்கு இப்போது போக வேண்டியதில்லை. மருந்துச் சோதனைக்குக் கூண்டுக் குரங்கு வேண்டும் என்ற வாதம் இன்னும் முற்றாகப் பொய்யாகவில்லை. ஆனால் மரபணுவைப் படிக்க எச்சமும் உதிர்ந்த மயிரும் போதும், பிடிக்கவே வேண்டாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, பொத்துவில் காட்டோரத்தில் குரங்கு இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கே கொடுத்தால், எத்தனை குரங்கு என்பதோடு அவற்றின் இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதும் தெரியும்.

தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா சாட்சி. நோலெசி என்ற குரங்கு மலேரியாவை 1932இல் கல்கத்தாவில் நோல்ஸும் தாஸ் குப்தாவும் ஆராய்ந்தார்கள். பல காலம் அது குரங்கின் நோய் என்றே விடப்பட்டது. 2004இல் சரவாக்கின் கபிட் பகுதியில் பல்பீர் சிங் குழுவினர் நோயாளரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தபோது, நுணுக்குக்காட்டியில் வேறு வகை என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி நோலெசி என்று தெரிந்தது. 2018இலிருந்து மலேசியாவில் உள்நாட்டு மனித மலேரியா இல்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில். சைனோமோல்கியும் அங்கே மனிதரில் இயற்கையாகத் தொற்றியது 2014இல் பதிவானது.

நம் கரையிலிருந்து மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போய்வருபவர்கள் நிறைய. நகர நீர்த்தொட்டிகளிலேயே பெருகி மலேரியா பரப்பக்கூடிய ஸ்டீபன்சி நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த நாடுகளிலிருந்து திரும்பிய ஒருவருக்கு, வந்து பல மாதம் ஆனாலும், நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால் டெங்கு என்று வீட்டில் கிடக்க வேண்டாம். எந்த நாட்டுக்குப் போனோம் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை.