ஆடுகளம் விட்டு ஒலிவாங்கிக்கு

வலப்பனைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் சிறுவர்கள் மட்டையும் பந்துமாகப் புறப்பட்டுவிடுவர். அவர்களுள் ஒருவனை நிறுத்தி, “பெரியவனானதும் என்ன ஆவாய்?” என்று கேட்டால், “நாட்டுக்கு விளையாடுவேன்” என்பான். நல்ல ஆசைதான். ஆயினும் விளையாட்டு வீரனின் தொழில் ஆயுள் குறுகியது. நாற்பது வயதுக்குள் உடல் ஓய்வு கேட்கும். அதன்பின் என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

ஸ்கொத்லாந்திலே ஹோயிக் என்றொரு சிற்றூர். றக்பி ஆட்டமே அவ்வூரின் உயிர். அங்கே பிறந்த பில் மெக்லாரன், 1947இல் தேசிய அணிக்கான தேர்வாட்டம் வரை முன்னேறினார். மறு ஆண்டு காசநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அக்காலத்தில் புதிதாய் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து உயிரைக் காத்தது. ஆட்டத்தை மீட்டுத் தரவில்லை. அவர் மனந்தளராது உடற்பயிற்சி ஆசிரியரானார். 1953இல் பி.பி.சி. வானொலியில் நேர்முக வருணனை செய்யத் தொடங்கிப் பின்னர் தொலைக்காட்சியிலும் புகழ் பெற்று, 2002இல் ஓய்வுபெற்றார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் வீரர்களைப் பற்றிய குறிப்புகளைப் பெரிய தாளில் எழுதி ஆயத்தம் செய்வது அவர் வழக்கம். தடையின்றிப் பாய்ந்த பேச்சின் பின்னே இத்தனை உழைப்பு இருந்தது!

கிரிக்கெட்டில் நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1973இல் கொழும்பில் பிறந்த தமிழர் ரசல் ஆர்னோல்ட், இலங்கைக்காக 44 டெஸ்ட் ஆட்டங்களிலும் 180 ஒருநாள் ஆட்டங்களிலும் ஆடியவர். ஒருநாள் ஆட்டங்களில் அவர் பெரும்பாலும் நடுவரிசையில் வந்தவர். எஞ்சிய பந்துகள் எத்தனை, வேண்டிய ஓட்டங்கள் எத்தனை என்று கணக்கிட்டே அவ்விடத்தில் ஆட வேண்டும். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முன்வரிசை சரிந்தபோது, தில்ஷான் 58 ஓட்டங்களும் ஆர்னோல்ட் 50 ஓட்டங்களும் எடுத்து அணியை நிமிர்த்தினர். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பிரிஜ்டவுன் நகரில் இறுதியாட்டம். இருள் சூழ்ந்த வேளையில் இலங்கை தோற்றது. ஆர்னோல்ட்டுக்கு அதுவே கடைசிப் பன்னாட்டு ஆட்டம். அப்போது அவருக்கு வயது 33.

அதன்பின் அவர் ஒலிவாங்கியைக் கையிலெடுத்தார். பன்னாட்டு ஆட்டங்களின் ஆங்கில வருணனையில் அவர் குரல் உலகெங்கும் கேட்டது. அடுத்து நிகழப்போவதை முன்கூட்டி எண்ணும் நடுவரிசைக்காரரின் பழக்கமே அங்கு அவருக்குக் கைகொடுத்தது என்பது நம் கருத்து.

பெற்றோரே, பிள்ளையின் மட்டையைப் பறித்துப் புத்தகத்தைத் திணிக்க வேண்டாம். இரண்டும் அவன் கையில் இருக்கட்டும். கண்டதை அக்கணமே பிழையின்றிச் சொல்ல மொழித் தேர்ச்சி வேண்டும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கற்றவனுக்குக் கதவுகள் பல திறக்கும். மாணவர்களே, உங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஆட இடம் கிடைக்காவிடில் வருந்தாதீர்கள். எல்லைக்கோட்டருகே நின்று ஆட்டத்தை வாய்விட்டு வருணித்துப் பாருங்கள். நாளை ஒலிக்கப்போகும் குரல் உங்களுடையதாகவும் இருக்கலாமன்றோ?