கத்தரிப் பூச்சிக்கு எத்தனை பெயர்?

பூரணாங்குப்பம் பக்கம் கத்தரித் தோட்டத்தில் தலைசாய்ந்து வாடிய குருத்தைக் கிள்ளிப் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். காய்க்குள் புகுந்து அதைச் சொத்தையாக்குவதும் இதுதான். வளர்ந்தால் வெள்ளை இறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட சின்ன அந்துப்பூச்சி. 1854-இல் பூச்சியியலாளர் குவெனே இதற்கு வைத்த பெயர் லியூசினோடஸ் ஆர்பனாலிஸ்.

ஆப்பிரிக்காவில் கத்தரியைத் துளைத்த பூச்சியையும் வெகுகாலம் இதே பெயரில்தான் எழுதினார்கள். இறகைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் இரண்டும் வேறு வேறு. எப்படிப் பிரித்தார்கள்? வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நெருங்கிய இனங்களிலும் அதன் வடிவம் பெரும்பாலும் மாறும். கூடவே மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ1 மரபணுவை ஒப்பிட்டார்கள். 2015-இல் பூச்சியியலாளர் ரிச்சர்ட் மல்லியின் குழு வெளியிட்ட முடிவு: ஆப்பிரிக்கப் பூச்சிகள் ஒன்றல்ல, பல தனி இனங்கள். நம்முடையது ஆசியாவுக்குரியது.

இதை வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் வாசனை இனத்துக்கு இனம் மாறக்கூடியது. துறைமுகத்தில் காய்ப்பெட்டியைச் சோதிப்பவரும் புழுவின் ஊரை அறிய வேண்டியிருக்கிறது. புழுப் பருவத்தில் அந்த இனப்பெருக்க உறுப்பு உருவாகியிருக்காது. அங்கே மரபணுதான் கைகொடுக்கிறது.