பிரிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி



ஒரு வீட்டின் கார் கொட்டகையில், இரும்புத் தாங்கியொன்றின் மேல் மோட்டார் என்ஜின் ஒன்று ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அருகில் கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. புதிய பேரிங்குகளும் கேஸ்கட்டுகளும் தபாலில் வந்து சேர்ந்து, பெட்டிகளிலேயே காத்திருக்கின்றன. வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார். அவர் தொடங்கவிருக்கும் வேலையின் வெற்றியும் தோல்வியும் அவருடைய கைத்திறனை மட்டும் பொறுத்தவை அல்ல. 'இந்த என்ஜின் ஏன் மடிந்தது?' என்னும் கேள்விக்கு அவர் விடை தேடுவாரா, தேடாமல் விடுவாரா என்பதையே அவை பெரிதும் பொறுத்திருக்கின்றன.

ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் என்ஜின்களைத் தம் இல்லத்திலேயே பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் பலர் உளர். தொழிற்சாலைக் கூலி அங்கே மிக அதிகம். பழைய காரின் விலையையே விழுங்கிவிடக்கூடிய செலவு என்ஜின் வேலை ஒன்றிலேயே ஆகிவிடும். ஆதலால் மாலை நேரங்களையும் விடுமுறை நாட்களையும் இதற்கென ஒதுக்கி, மாதக்கணக்கில் பொறுமையோடு உழைக்கிறார்கள். அத்தகைய கார்களுள் ஒன்றான போர்ஷே 944 டர்போவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வேலையின் உட்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

பம்பரத்தின் வேலை

'டர்போ' என்பது லத்தீன் சொல். சுழற்காற்று, பம்பரம் என்னும் பொருள்களை உடையது. பெயருக்கேற்ற பொருத்தம் இவ்வியந்திரத்தில் உண்டு. என்ஜினில் எரிந்து முடிந்த புகை, வெப்பத்தோடும் விசையோடும் வெளியேறி வீணாகிறது. அப்புகை செல்லும் வழியில் ஒரு சிறிய காற்றாடிச் சக்கரத்தை வைத்தால், அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் வேறொரு சக்கரத்தைப் பொருத்தினால், அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியலாம், ஆற்றலும் மிகும். கொல்லன் உலையில் துருத்தியை ஒருவர் ஊத வேண்டும். இங்கோ நெருப்பே தன் துருத்தியைத் தான் ஊதிக்கொள்கிறது!

ஆல்ஃபிரட் பூஹி என்னும் சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905-ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதை நடைமுறையில் வெற்றிபெறச் செய்ய அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1925-இல், கப்பலுக்கான பத்துச் சிலிண்டர் டீசல் என்ஜினின் திறன் இம்முறையால் 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தது.

பொதுமக்கள் வாங்கும் கார்களுக்கு இது 1962-இல் அமெரிக்காவில் வந்தது. அவ்வாண்டு வெளியான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்னும் காரின் கதை நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய கலவை உரிய நேரத்திற்கு முன் தானே வெடித்து என்ஜினைச் சிதைக்கும். இதைத் தடுக்க, வாலை வடிநீரும் மெத்தில் ஆல்ககாலும் கலந்த ஒரு திரவம் அந்தக் காரில் தனித்தொட்டியில் வைக்கப்பட்டது. தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை. பலர் அதை மறந்தார்கள். தொட்டி வற்றியதும் காரின் திறன் தாழ்ந்தது, குறைகள் பெருகின. இறுதியில் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டுச் சாதாரண கார்பரேட்டர் பொருத்தப்பட்டது. சிறந்த கருவியொன்று, சிறிய கடமையொன்றை மறந்ததால் கைவிடப்பட்டது.

944 டர்போ

போர்ஷே நிறுவனம் 944 காரை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் நான்கு சிலிண்டர் என்ஜின் 163 குதிரைத் திறன் உடையதாயிருந்தது. 1985-இல் வந்த 944 டர்போவிலும் என்ஜினின் கொள்ளளவு அதே 2,479 கன செண்டிமீட்டர்தான். ஆயினும் திறன் 220 ஆயிற்று. காற்றுமண்டல அழுத்தத்திற்கு மேல் முக்கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தியதால் விளைந்த பயன் இது. 1991 வரை இந்தக் கார் தயாரிக்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிக இளையதற்கும் முப்பது வயது கடந்துவிட்டது.

கூடுதல் ஆற்றல் இலவசமாகக் கிடைப்பதில்லை. டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அதன் ஒருபுறம் பழுக்கக் காய்ச்சிய வெப்பம்; மறுபுறம் வெளிக்காற்று. இரண்டுக்கும் நடுவே அந்த அச்சு உலோகத்தைத் தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது. அப்படலம் ஒரு கணம் அறுந்தால் அச்சு தேயும். எண்ணெயில் மணல் போன்ற துகள் கலந்தாலும் அதே கதிதான். ஆகவே டர்போ என்ஜினின் உயிர் பெட்ரோலில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

சாட்சிகளை விசாரித்தல்

திருக்குறளில் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுக்கிறது. நோயை அறிந்த பின் அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன் பிறகே சிகிச்சை. என்ஜினுக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். அறிவுள்ள வீட்டுக்காரர் முதலில் செய்வது பிரித்தல் அன்று, விசாரணை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுக்கிறார். ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தின் பெயரெழுதிய பையில் இடுகிறார். பாகங்களைத் துடைத்துப் பளபளப்பாக்க அவசரப்படுவதில்லை. ஏனெனில் அழுக்கும் ஒரு சாட்சி.

வடித்த எண்ணெயை வெளிச்சத்தில் பார்க்கிறார். எண்ணெய் வடிகட்டியை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரிக்கிறார். செம்பு நிறப் பொடி தென்பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகளாயின் இரும்பு அல்லது எஃகுப் பாகம் ஒன்று அரைபடுகிறது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் துகளாயின் அலுமினியப் பாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வாறு, ஒரு ஸ்பேனரும் உள்ளே செல்லுமுன்பே என்ஜின் தன் நோயைப் பாதி சொல்லிவிடுகிறது.

இந்த என்ஜின்களை அறிந்தவர்கள் சிறப்பாகத் தேடும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, எண்ணெய் வறட்சி. 944 என்ஜின்களில் இரண்டாம் கனெக்டிங் ராடின் பேரிங் மற்றவற்றைவிட முந்தித் தேய்வது பலரும் கண்ட உண்மை. நீண்ட வளைவில் கார் விரைந்து திரும்பும்போது, அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சக்கூடும். எண்ணெய் மட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அந்நிலையில் புதிய பேரிங்கை மட்டும் போட்டு மூடினால் என்னவாகும்? பழைய பேரிங்கின் பொடி எண்ணெய் வழிகளிலும், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரிலும் தங்கியிருக்கும். புதிய எண்ணெய் அதைச் சுமந்து வந்து, புதிய பேரிங்கையும் டர்போவின் அச்சையும் ஒருசேரத் தேய்க்கும். பழைய கூலரை முற்றிலும் கழுவித் துப்புரவாக்குவது அரிது, மாற்றிவிடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, டைமிங் பெல்ட். இவ்வகை என்ஜினில் இந்தப் பெல்ட் அறுந்தால், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிடும். வளைந்த வால்வுகளையும் அறுந்த பெல்ட்டையும் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் அதே பெல்ட்டுதான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பம்பின் பேரிங் இறுகியதால் பெல்ட் அறுந்ததா? முன்புற ஆயில் சீல் கசிந்து, எண்ணெயில் ஊறிப் பெல்ட் கெட்டதா? இதைப் பாராமல் மூடுகிறவர், அடுத்த அழிவுக்குத் தாமே நாள் குறித்துக்கொள்கிறார்.

மூன்றாவது, வெப்பம். வேகமாக ஓட்டிவந்து உடனே என்ஜினை நிறுத்தினால், டர்போவில் தேங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். இதைத் தடுக்கவே 944 டர்போவில் ஒரு சிறிய மின்சாரப் பம்ப் உண்டு. என்ஜின் நின்ற பின்னும் அது டர்போவைச் சுற்றித் தண்ணீரை ஓட்டிக் குளிர்விக்கிறது. அது பழுதானால் சத்தம் எழாது. காரும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் டர்போ நாளுக்கு நாள் உள்ளே கருகும். இன்னொரு வெப்பமும் உண்டு. அது ஆசையால் வருவது. முந்தைய உரிமையாளர் எவரேனும் அதிகத் திறன் வேண்டிக் காற்றழுத்தத்தை அளவுக்கு மேல் உயர்த்தியிருந்தால், பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அதற்கு விலை கொடுத்திருக்கும்.

கையின் எல்லை

வீட்டு வேலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் உணர வேண்டும். இந்த என்ஜினின் சிலிண்டர்களுக்கு இரும்பு உறை கிடையாது. சிலிக்கன் மிகுதியாகக் கலந்த அலுசில் என்னும் அலுமினியக் கலவையிலேயே சிலிண்டர் சுவர் அமைந்துள்ளது. பிஸ்டன் உரசுவது அச்சுவரில் வெளிப்பட்டு நிற்கும் கடினமான சிலிக்கன் மணிகளின் மீது. சாதாரண இரும்புச் சிலிண்டரைத் தேய்க்கும் கல்லால் இதைத் தேய்த்தால், காப்பாற்ற வந்த கையே அதைக் கெடுத்துவிடும். ஆதலால் சிலிண்டர் சுவர், கிராங்க் ஷாப்ட், ஹெட் ஆகியவற்றை இம்முறை அறிந்த பட்டறையில் கொடுத்து அளந்து, தேவையானவற்றைச் சீர்செய்து வாங்குவதே முறை. எதை நாம் செய்யலாம், எதைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிரித்தறிவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

எஞ்சிய வேலை வலிமையால் ஆவதன்று. துப்புரவாலும் அளவாலும் ஆவது. பேரிங்கிற்கும் கிராங்க் ஷாப்டிற்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம், அல்லது அதற்கும் குறைவு. இதை அளக்க எளிய வழி உண்டு. மென்மையான பிளாஸ்டிக் இழையொன்றைக் கிராங்க் ஷாப்டின் மேல் வைத்து, பேரிங்கை முறைப்படி முறுக்கி மீண்டும் கழற்றுகிறார்கள். இழை எவ்வளவு நசுங்கி அகன்றதோ, அதைக்கொண்டு இடைவெளியைக் கணிக்கிறார்கள். 'சரியாகத்தான் இருக்கும்' என்னும் எண்ணத்திற்கு இங்கே இடமில்லை.

சிலிண்டர் ஹெட்டை இறுக்குவதிலும் அவ்வாறே. ஒரு நட்டை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. நடுவிலிருந்து வெளிப்புறமாக, விதித்த வரிசையில், சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் முறுக்க வேண்டும். விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இன்றி இதைச் செய்வது, தராசு இன்றி மருந்து கலப்பதற்கு ஒப்பாகும்.

முதல் உயிர்ப்பு

எல்லாம் முடிந்து, என்ஜின் மீண்டும் காரில் ஏறியது. பல மாதம் காத்திருந்த கை சாவியைத் திருப்பத் துடிக்கிறது. இங்கேதான் கடைசிச் சோதனை. புதிய பேரிங்குகளில், கோக்கும்போது பூசிய எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணெய் வழிகள் வறண்டு கிடக்கின்றன. இப்போதே தீப்பொறி கொடுத்து ஓட்டினால், மாதக்கணக்கான உழைப்பு சில விநாடிகளில் கீறிப்போகலாம்.

ஆகவே வீட்டுக்காரர் முதலில் பற்றவைப்பையும் பெட்ரோலையும் துண்டிக்கிறார். டர்போவின் எண்ணெய் வாயில் தம் கையால் சிறிது எண்ணெய் ஊற்றுகிறார். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் என்ஜினைச் சற்று நேரம் சுழற்றி, நிறுத்தி, மீண்டும் சுழற்றுகிறார். அவர் கண் ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறது: எண்ணெய் அழுத்தம் காட்டும் முள். அது அசையாதவரை அவரும் அசைவதில்லை. எங்கோ அடியில் பம்ப் எண்ணெயைப் பிடித்து, வழிகளை நிரப்பி, ஒவ்வொரு பேரிங்கையும் எட்டுகிறது. முள் மெல்ல எழுகிறது. அதன் பின்னரே இணைப்புகள் கொடுக்கப்படுகின்றன, சாவி திரும்புகிறது, என்ஜின் உயிர்க்கிறது.

அருகில் நிற்கும் குடும்பத்தாருக்கு அந்த முழக்கமே பெரிய மகிழ்ச்சி. அவருக்கோ மகிழ்ச்சி அதற்கு முன்பே, அந்தச் சிறிய முள் எழுந்தபோதே வந்துவிட்டது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அவர் எண்ணெயை வடிப்பார். வடிகட்டியை மீண்டும் அறுத்து, தாளை விரித்துப் பார்ப்பார். அதில் செம்பு நிறம் இல்லையென்றால், முதல் நாளில் தாம் கேட்ட கேள்விக்குச் சரியான விடை கண்டார் என்று பொருள்.

பழுதான பொருள் எதுவாயினும், மாற்றுப் பாகத்தை வாங்கிவரக் கடைக்கு ஓடுவது எளிது. 'இது ஏன் பழுதாயிற்று?' என்று நின்று கேட்பது கடினம். சில வேளைகளில் அதன் விடை நம் கவனக்குறைவையே சுட்டிக்காட்டும். ஆயினும், அன்பர்களே, அக்கேள்வியைக் கேளாமல் செய்த பழுதுபார்ப்பு, பழுதைச் சிறிது காலம் தள்ளிவைத்ததே அன்றி வேறில்லை.