நடுக்கடலில் மூடப்பட்ட கதவு

1952 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், தமது ‘லைம்லைற்’ திரைப்படத்தின் முதற் காட்சிக்காக சார்ளி சப்ளின் மனைவி மக்களுடன் கப்பலில் லண்டன் நோக்கிப் பயணமானார். கப்பல் நடுக்கடலில் செல்கையில், அவரது மீள்நுழைவு அனுமதியை அமெரிக்கச் சட்டமா அதிபர் இரத்துச் செய்தார். ஏறத்தாழ நாற்பது வருடங்கள் வாழ்ந்த நாட்டுக்குத் திரும்புவதாயின் விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். உலகைச் சிரிக்க வைத்த ஒருவரை அந்த அரசு இவ்வாறு நடத்தியது ஏன்?

1889 இல் லண்டனில் பிறந்த சப்ளின், ஏழு வயதிலேயே வறியோர் விடுதியில் சேர்க்கப்பட்டவர். தாய் மனநோய்க்கு ஆளானார். பிரிந்து வாழ்ந்த தந்தை குடியினால் 1901 இல் மாண்டார். 1914 இல் திரைக்கு வந்த அவரது நாடோடி, தொளதொளத்த காற்சட்டையும் அளவிற் பெரிய சப்பாத்தும் அணிந்தவன். 1925 இல் வெளிவந்த ‘த கோல்ட் ரஷ்’ படத்தில் அவன் பசி தாளாது சப்பாத்தை அவித்து, அதன் ஆணிகளை எலும்பெனச் சூப்பி உண்கிறான். பசித்திருந்தவர் அமைத்த காட்சி அது என்பதே எமது எண்ணம்.

அந்த நாடோடி வாய் பேசாதவன். எனவேதான் அவன் எல்லா மொழியினருக்கும் உரியவனானான். 1927 இன் பின்னர் பேசும் படங்கள் பெருகிய போதும் சப்ளின் இணங்கவில்லை. 1936 இல் ‘மொடர்ன் டைம்ஸ்’ படத்தில் நாடோடியின் குரல் முதன்முறையாக ஒலித்தது; அதுவும் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத சொற்களாலான பாட்டொன்றில்! சப்ளின் திரையில் முழுமையாகப் பேசியது 1940 இல், ஹிட்லரை எள்ளி நகையாடிய ‘த கிரேட் டிக்டேட்டர்’ படத்திலாகும். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை.

1942 இல் சோவியத் ரஷ்யாவுக்கு ஆதரவான மேடையொன்றில் சபையோரைத் “தோழர்களே” என விளித்தார். போர் முடிந்து கம்யூனிச வேட்டை தொடங்கியதும் அதுவே அவருக்கு வினையாயிற்று. அவர் அமெரிக்கப் பிரஜாவுரிமையும் பெற்றிருக்கவில்லை. அவரது ஒழுக்கமும் குற்றஞ்சாட்டப்பட்டது. இரு தடவைகள் பதினாறு வயதுப் பெண்களை மணந்தவரை அவ்விடயத்தில் நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. எனினும், 1944 இல் தொடரப்பட்ட குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சப்ளின் சுவிற்சர்லாந்தில் குடியேறினார். 1972 இல் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்க ஹொலிவூட் அழைத்த போதே, 82 வயதில், மீண்டும் அமெரிக்க மண்ணை மிதித்தார். அதே ஆண்டிலேதான் ‘லைம்லைற்’ லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திரையிடப்பட்டது. இருபது வருடங்கள் காத்திருந்த அப்படத்தின் இசைக்கு 1973 இல் ஒஸ்கார் விருது கிடைத்தது.