தவ்வை வேளாண் தெய்வமா? கல் சொல்வதும் இடம் சொல்வதும்

ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ வயிறு பருத்த ஒரு பெண் சிலை தனியாகக் கிடந்தால், "அது மூதேவிங்க, கிட்ட போகாதீங்க" என்பார்கள். அவள் தவ்வை. வடமொழியில் ஜேஷ்டை, திருமகளுக்கு அக்கா.

அடையாளம் சுலபம். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் காக்கைக் கொடி. ஒருபுறம் மாட்டு முகத்தோடு மகன் மாந்தன், மறுபுறம் மகள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்துத் தவ்வையைப் பார்க்கலாம். திருப்பரங்குன்றத்துக் கி.பி. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. விரட்ட வேண்டிய சாமிக்கு யாராவது கோயில் எடுப்பாங்களா?

பருத்த வயிறு வளமை, மாட்டு முகம் உழவு மாடு. ஆகவே இவள் வேளாண் தெய்வம் என்கிறார்கள் ஆய்வாளர் சிலர். ஆனால் திருக்குறளிலேயே தவ்வை வறுமையின் பக்கம்தான் நிற்கிறாள். கையில் ஒரு நெற்கதிர்கூட இல்லை. பிறகு எப்படி நம்புவது?

இங்கே ஒரு கிரேக்கச் சிற்பம் உதவும். ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள எலூசிஸ் புடைப்புச் சிற்பம், ஏறத்தாழ கி.மு. 440–430. இடப்பக்கம் தானியத் தெய்வம் டிமீட்டர், வலப்பக்கம் தீப்பந்தத்தோடு மகள் பெர்செஃபொனி, நடுவில் சிறுவன் டிரிப்டோலெமஸ். உழவை உலகத்துக்குக் கொண்டுபோக அவனுக்கு டிமீட்டர் கோதுமைக் கதிர் தருகிறாள் என்பது விளக்கம். வேடிக்கை என்னன்னா, இன்று அந்தக் கதிர் சிற்பத்தில் இல்லை. உலோகத்தில் செய்து பொருத்தியிருக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் குழப்பமில்லை. சிற்பம் கிடைத்த எலூசிஸ் டிமீட்டரின் தலம். கல் சொல்லாததை இடம் சொல்லிவிட்டது.

தவ்வைக்கும் இதேதான். மதகுப் பக்கமா, களத்து மேடா, வயலா? அவள் உட்கார்ந்திருக்கும் இடமே சாட்சி. சில சிலைகள் இடிந்த கோயிலிலிருந்து கரைக்கு வந்தவை. அதைச் சொல்ல ஊர்ப் பெரியவர்கள் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி, திருவள்ளூர் வரைக்கும் வயல்கள் ப்ளாட்டாகவும் ஷெட்டாகவும் மாறிவருகின்றன. சிலையைத் தூக்கி வேறெங்கோ வைத்தால் கல் பிழைக்கும், சாட்சி போய்விடும்.

அதனால் நண்பர்களே, தவ்வையைக் கண்டால் நகர்த்தாதீர்கள். படம் எடுங்கள். எந்தத் திசை பார்க்கிறாள், ஏரி எவ்வளவு தூரம், ஊரார் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இந்த மூன்றையும் எழுதி வையுங்கள்.