சொல்லும் சொன்னவரும் – 9: ஐந்நூறு சொல்லா, ஆயிரம் சொல்லா?

மார்க் ட்வைன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தன் சாவுச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று அவர் சொன்ன பதில்தான். மேடைப் பேச்சாளர்கள் கைதட்டலுக்காக எடுத்துவிடும் வரி. எந்த நிலைமையில் சொன்னார் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

1835-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். அச்சுக்கோப்பாளர், மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்டி, நிருபர் என்று பல வேலை பார்த்தார். எழுதிச் சம்பாதித்ததை, தானாக அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் போட்டுத் தொலைத்தார். பெய்ஜ் என்பவர் உருவாக்கிய அந்த இயந்திரம் கடைசிவரை ஒழுங்காக ஓடவில்லை. அச்சகத்தில் வளர்ந்தவர் அச்சு இயந்திரத்திடமே ஏமாந்தார்! 1894-இல் சொந்தப் பதிப்பகமும் நொடித்தது. முழுக் கடனையும் அடைக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அடைத்தே தீருவதென்று 59 வயதில் உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார்.

ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முடித்து 1896 ஜனவரியில் கொழும்பு, பம்பாய், பிறகு தென்னாப்பிரிக்கா. மனைவி ஒலிவியாவும் மகள் கிளாராவும் உடன் வந்தார்கள். மூத்தவள் சூசி அமெரிக்காவிலேயே தங்கிவிட்டாள். பயணம் முடிந்து இங்கிலாந்தில் இறங்கிய சில நாளிலேயே, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. தாயும் தங்கையும் கப்பலேறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, ஆகஸ்ட் 18 அன்று, மூளை உறை அழற்சியில் சூசி இறந்துபோனாள். வயது 24. தந்தி வந்தபோது ட்வைன் இங்கிலாந்தில்தான் இருந்தார்.

பிறகு லண்டன் செல்சியில் ஒரு வீட்டில் குடும்பம் ஒடுங்கிக் கிடந்தது. வெளியே தலைகாட்டாதவரைப் பற்றி வதந்தி கிளம்பாமல் இருக்குமா? வறுமையில் சாகக் கிடக்கிறார் என்றார்கள். நியூயார்க் ஜர்னல் பத்திரிகை தன் லண்டன் நிருபருக்குத் தந்தி அடித்தது: சாகும் தறுவாயில் இருந்தால் 500 சொற்கள், இறந்துவிட்டிருந்தால் 1000 சொற்கள் அனுப்பவும். நிருபர் தந்தியோடு ட்வைனிடமே போனார். லண்டனில் தன் உறவினர் ஒருவர் நோயுற்றுத் தேறியதையும், அதிலிருந்தே வதந்தி முளைத்ததையும் சொல்லிவிட்டு, சாவுச் செய்தி மிகைப்படுத்தல் என்று முடித்தார் ட்வைன். 1897 ஜூன் 2 இதழில் அது வந்தது. அதில் 'மிகவும்' என்ற சொல் இல்லை; அது பின்னால் சேர்ந்தது.

மகள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடனும் பாக்கி. விற்பதற்கு அவரிடம் இருந்த சரக்கு சிரிப்பு ஒன்றுதான். அதைத் துக்க வீட்டு வாசலிலும் விற்றார் என்றுதான் நான் இந்த வரியைப் படிக்கிறேன். 1898-இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

அவர் சொல்லாத எத்தனையோ வாசகங்களும் இன்று அவர் படத்தோடு உலா வருகின்றன. உண்மை செருப்பு மாட்டுவதற்குள் பொய் பாதி உலகம் சுற்றிவிடும் என்பதும் அதில் ஒன்று. அவர் எழுத்தில் அது எங்கும் இல்லை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ட்வைன் பொன்மொழி வந்தால், எங்கே, எப்போது சொன்னார் என்று அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.