தெளிந்த நீர் வேறு, பழகிய நீர் வேறு

கொல்கத்தாவின் பாக்பஜாரை ஒட்டிய கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் கப்பி, மோலி, ஏஞ்சல், தங்கமீன் எல்லாம் பிளாஸ்டிக் பைகளில் கைமாறுகின்றன. இந்தியாவின் வண்ணமீன் ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த நகரத்தின் வழியாகத்தான் போகிறது. கண்ணாடித் தொட்டியையும் மீனையும் அங்கே ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆனால் அன்றைக்கே மீனைத் தொட்டிக்குள் விட்டால், முதல் சில நாள் துள்ளித் திரியும் மீன் இரண்டாவது வாரத்தில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு செத்து மிதக்கும். மீன் சரியில்லை, சீக்கு என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் தண்ணீருடையது. அதுவும் பார்வைக்குப் பளிங்குபோல் இருந்த தண்ணீர்.

மீன் தன் செவுள் வழியே இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதையே தருகிறது. ஆற்றில் அது கரைந்து போகும். தொட்டியில் போக வழியில்லை. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் மீன் பிழைக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான்: ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே மீனை மூச்சுத்திணற வைக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை; புதுத் தொட்டியில் போதுமான அளவு நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் பழகியிருக்காது.

இந்த நகரத்துக்குப் பழகிய நீரின் அருமை தெரியும். கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே கிழக்கே போய், ‘பேரி’ எனப்படும் ஆழமில்லாத மீன்குளங்களில் சேர்கிறது. பொறியாளர் துருவஜோதி கோஷ் 1980களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கினார். இந்தக் குளங்கள் அடங்கிய, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் 2002இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள மீனவர்கள் குளத்தை வடித்து வெயிலில் காயவிட்டு, கழிவுநீரை ஏற்றி, அது தேறும்வரை காத்திருந்துதான் குஞ்சு விடுகிறார்கள். அதன் பிறகும் கழிவுநீரை அளந்தளந்தே திறக்கிறார்கள். சாக்கடை நீரிலேயே கெண்டை வளரும்போது கண்ணாடித் தொட்டிக்கு இத்தனை பத்தியமா என்று கேட்கலாம். பேரியில் வெயில் அடிமண்வரை எட்டுகிறது. பாசி அம்மோனியாவை உண்டு ஆக்சிஜனைத் தருகிறது. பரப்போ ஏக்கர் கணக்கு. வரவேற்பறை மூலையில் இருக்கும் ஐம்பது லிட்டர் தொட்டிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதன் முழுப் பாரமும் ஃபில்டர் பஞ்சின் மேல்தான். அந்த மீனவரைவிட நமக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

நச்சு நீரில்தானே இருக்கிறது, வாரம் ஒருமுறை முழுவதையும் கொட்டிக் கழுவி நிரப்பினால் என்ன என்பது அடுத்த கேள்வி. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. மிகுந்த கேடு செய்வதும் இதுதான். பாக்டீரியா நீரில் மிதப்பதைவிடச் சரளையிலும் ஃபில்டரிலும் ஒட்டித்தான் வாழ்கிறது. அவற்றைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் குளோரின் அதைக் கொன்று, தொட்டியை முதல் நாளுக்குத் திருப்பிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அமிலத்தன்மை ஏறிய பழைய நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பி.ஹெச். 7இலிருந்து 8க்குத் தாவினால் அதன் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நல்லெண்ணத்தோடு ஊற்றிய புதுநீரே அப்போது மீனைக் கொல்லும். நேர்மாறாக, பழகும் காலத்தில் நீரைத் தொட்டால் பாக்டீரியா போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஒட்டி வாழ்வது நீரோடு போகாது. மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால், அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரியும்போதெல்லாம் கால் பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றத்தான் வேண்டும். பழகிய தொட்டிக்கும் வாராவாரம் கால் பங்கு வேண்டும். சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற அதுவே எளிய வழி.

காத்திருக்க முடியாதவர்கள் பாட்டில் பாக்டீரியாவை நம்புகிறார்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998இல்தான் தெரியவந்தது. ஆகவே பாட்டிலில் இருப்பது வேலை செய்கிறதா என்பதை, நீரின் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் பரிசோதனைச் சொட்டுகள்தான் சொல்லும், லேபிள் சொல்லாது. அதைவிட நம்பகமானது, பாலுக்கு உறைமோர் விடுவதுபோன்ற பழைய முறை: நோயற்ற, நன்கு ஓடும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து புது ஃபில்டருக்குள் வைப்பது. அந்த பாக்டீரியாவின் தீனிக்குச் சிட்டிகை மீன் உணவோ சில துளி அம்மோனியாவோ போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். கொல்கத்தாவின் ஜனவரிக் குளிரில் இதற்குக் கூடுதல் நாளாகும். இறங்கிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கேலிஃப் தெருவுக்குப் போகலாம், முதல் தடவைக்கு இரண்டு மூன்று சிறு மீன்களுக்காக மட்டும்.